குப்பை அஞ்சலுக்குப் பதிலடி: அடி விழுவது யார்மீது?

கேளாமலே வந்து குவியும் மின்னஞ்சலுக்குத் தமிழில் ஒரே பெயர் இன்னும் நிலைபெறவில்லை. குப்பை அஞ்சல் என்கிறோம். எரிதம் என்னும் சொல்லாட்சியும் உண்டு. பேச்சு வழக்கில் ஸ்பேம் என்றே சொல்லிவிடுகிறோம். அந்த ஆங்கிலச் சொல் நம்மிடம் வந்து சேர்ந்த வழி சற்று வேடிக்கையானது. 1937ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹார்மெல் நிறுவனம் டின்னில் அடைத்து விற்கத் தொடங்கிய இறைச்சியின் பெயர் அது. 1970ஆம் ஆண்டு மான்டி பைதன் என்னும் பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவினர் தொலைக்காட்சியில் ஒரு குறுநாடகம் நடித்துக் காட்டினர். அதில் வரும் உணவகத்தின் பட்டியலில் ஏறக்குறைய எல்லா உணவிலும் அந்த இறைச்சியே கலந்திருக்கும். அங்கே கூடியிருப்போர் அதன் பெயரையே உரக்கப் பாடிப் பாடி மற்றவர் பேச்சை அமுக்கிவிடுவர். திரும்பத் திரும்ப ஒலித்துப் பிற பேச்சை மூழ்கடிப்பது என்னும் பொருளில் அச்சொல் கணினி உலகத்துக்குள் நுழைந்தது. இக்கட்டுரையில் நாம் குப்பை அஞ்சல் என்பதையே ஆள்வோம். விளக்கம் கேளாமலே மாணவர்க்கு விளங்கும் சொல் அது.

பெயர் எதுவாயினும், அது எழுப்பும் சினம் ஒன்றே. நம் நேரத்தைத் திருடுகிறவனுக்கு நாமும் தொல்லை கொடுத்தால் என்ன? ஆயிரம் மடல்களைத் திருப்பி அனுப்பினால் என்ன? அவனது வலைத்தளத்தை முடக்கினால் என்ன? இவ்வினாக்களை மாணவர்கள் மட்டுமன்றி ஆசிரியர்களும் கேட்பதுண்டு. சினம் தவறு என்று நாம் சொல்ல வரவில்லை. அது முற்றிலும் நியாயமானது. நாம் ஆராய வேண்டியது, அந்தச் சினத்தை எந்த முகவரிக்கு அனுப்புவது என்பதையே. மின்னஞ்சலில் காணப்படும் அனுப்புநர் பெயர் ஒரு கூற்று மட்டுமே. அது சான்று அன்று. பதிலடியின் சிக்கல் முழுவதும் இந்த ஒரு செய்தியிலிருந்தே கிளைக்கிறது.

தொடக்கத்தில் இந்நிலை இல்லை. 1978ஆம் ஆண்டு மே மாதம் டிஜிட்டல் எக்விப்மென்ட் என்னும் கணினி நிறுவனத்தின் விற்பனை அலுவலர் கேரி துவெர்க், இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் வலையமைப்பில் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். முதல் குப்பை அஞ்சல் என்று வரலாறு குறிப்பது இதனையே. அவர் கண்டிக்கப்பட்டார், அத்துடன் முடிந்தது. அன்றைய வலையமைப்பு ஒரு சிற்றூரைப் போன்றது. யார் எந்த வீட்டில் இருக்கிறார் என்பது எல்லார்க்கும் தெரியும். ஆகவே கண்டனம் உரியவரிடமே சென்று சேர்ந்தது.

சிற்றூர் நகரமானபோது நிலை மாறிற்று. 1994ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தைச் சேர்ந்த கேன்டர், சீகல் என்னும் வழக்கறிஞர் இணையர், குடியேற்ற அட்டைக் குலுக்கல் பற்றிய தம் விளம்பரத்தை யூஸ்நெட் என்னும் உரையாடல் வலையமைப்பின் 5,000க்கும் மேற்பட்ட குழுக்களில் ஒரே நேரத்தில் இட்டனர். தோட்டக்கலை பேசும் குழுவிலும் அதே விளம்பரம். இயற்பியல் பேசும் குழுவிலும் அதே விளம்பரம். படித்தவர்கள் கொதித்தெழுந்து வசை மடல்களை மழையாகப் பொழிந்தனர். அம்மழையில் மூழ்கியது எது? அவ்வழக்கறிஞர்களுக்கு இணைய இணைப்புத் தந்த நிறுவனத்தின் கணினி. அது திரும்பத் திரும்பச் செயலிழந்தது. அதே நிறுவனத்தை நம்பியிருந்த, இவ்விவகாரத்தில் எத்தொடர்பும் இல்லாத வாடிக்கையாளர்களும் தம் அஞ்சலைப் பெற முடியாது தவித்தனர். வழக்கறிஞர்கள் வருந்தினார்களா என்றால், இல்லை. இணையத்தில் விளம்பரம் செய்து பொருளீட்டுவது எப்படி என்று அவ்வாண்டே ஒரு நூல் எழுதி வெளியிட்டனர். பதிலடி அவர்களுக்குப் புகழையே தேடித் தந்தது.

இங்கே ஒன்றை மறத்தல் ஆகாது. அவர்கள் தம் பெயரை மறைக்கவில்லை. குற்றம் செய்தவர் யார் என ஐயமின்றித் தெரிந்த நிகழ்விலேயே அடி அண்டை வீட்டில் விழுந்தது. பெயரே பொய்யாக இருந்தால் என்ன நேரும் என்பதைக் காண, மின்னஞ்சல் எவ்வாறு பயணம் செய்கிறது என்பதைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும்.

மின்னஞ்சலைக் கணினிகள் ஒன்றுக்கொன்று கைமாற்றும் முறையை ஜான் போஸ்டல் என்னும் அறிஞர் 1982ஆம் ஆண்டு வகுத்து வெளியிட்டார். அடிப்படையில் இன்றும் நாம் பயன்படுத்துவது அம்முறையையே. அதில் ஒரு மடலுக்கு இரண்டு இடங்களில் அனுப்புநர் பெயர் உண்டு. ஒன்று, கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ளும்போது சொல்லும் பெயர். இது அஞ்சல் உறையின் பின்புறத்தில் எழுதும் முகவரியைப் போன்றது. மற்றொன்று, மடலுக்குள்ளே இருப்பது. நம் திரையில் காணப்படுவது இதுவே. 1982ஆம் ஆண்டின் முறை இவ்விரண்டில் எதனையும் சரிபார்க்கவில்லை. உறையின் பின்புறத்தில் நாம் பிரதமரின் முகவரியை எழுதி அஞ்சல் பெட்டியில் இட்டாலும், அஞ்சல்காரர் அதனைக் கொண்டுபோய்ச் சேர்ப்பார் அல்லவா? அதுபோலத்தான். அன்று வலையமைப்பில் இருந்தோர் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தாரும் ஆய்வாளர்களும் ஆதலால், ஒருவர் மற்றவர் பெயரில் எழுதுவார் என்னும் எண்ணத்திற்கு அங்கே பெரிய இடமில்லை.

நம்முள் பலர் இதன் விளைவை நேரிலேயே கண்டிருப்போம். நாம் எழுதாத மடல் ஒன்று, ‘இம்முகவரி இல்லை’ என்னும் குறிப்புடன் நம்மிடம் திரும்பி வரும். நம் கணக்கை யாரோ திருடிவிட்டார்கள் என்று அஞ்சுவோம். பெரும்பாலும் நடந்திருப்பது வேறு: எங்கோ ஒருவன் நம் முகவரியைத் தன் உறையின் பின்புறத்தில் எழுதிவிட்டான், சேர முடியாத மடல்களெல்லாம் நம் வாசலுக்குத் திரும்புகின்றன.

இதனை ஒருவன் வேண்டுமென்றே ஆயுதமாக்கிய நிகழ்வு 1997ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடந்தது. அமெரிக்காவில் ஜோ என்பவர் தம் பெயரிலேயே ஒரு வலைத்தளம் அமைத்துப் பிறருக்கு இலவசமாகப் பக்கங்கள் வழங்கிவந்தார். அங்கு இடம்பெற்ற ஒருவன் குப்பை அஞ்சல் அனுப்பியதால் அவன் கணக்கை அவர் நீக்கினார். செய்ய வேண்டியதைத்தான் செய்தார். பழிதீர்க்க எண்ணிய அவன், ஜோ அனுப்பியது போலவே தோன்றும் குப்பை அஞ்சலைப் பெருந்திரளானோர்க்கு அனுப்பினான். அதன்பின் அவன் வேறெதுவும் செய்யத் தேவையிருக்கவில்லை. மடலைப் பெற்றவர்களே எஞ்சிய வேலையைச் செய்து முடித்தனர்: வசைகள், மடல் மழை, வலைத்தளத்தின்மீது தாக்குதல். குப்பை அஞ்சலை எதிர்த்த ஒருவரின் தளம், குப்பை அஞ்சலை வெறுத்தவர்களாலேயே பல நாள் முடங்கிக் கிடந்தது. இத்தகைய சூழ்ச்சிக்கு இன்றும் ஆங்கிலத்தில் ஜோவின் பெயரே வழங்குகிறது. சினத்தை எழுப்பிவிட்டு அதற்கு ஒரு பொய் முகவரியையும் கொடுத்துவிட்டால், நல்லவர்களையே கூலியில்லாப் படையாக நடத்தலாம் என்பதை அன்று அவன் காட்டிவிட்டான்.

அனுப்புநர் பெயர் பொய்யென்றால், அஞ்சல் எந்தக் கணினியிலிருந்து புறப்பட்டது என்று பார்க்கலாமே என்பது அடுத்த வினா. பார்க்கலாம். மடல் கடந்துவரும் ஒவ்வோர் அஞ்சல் வழங்கியும் அதன் தலையில் ஒரு முத்திரை வரியைச் சேர்க்கிறது. எனினும் நம்முடைய வழங்கி இட்ட முத்திரையை மட்டுமே முழுமையாக நம்பலாம். அதற்குக் கீழுள்ளவை போலியாக இருக்கக்கூடும். உண்மையான கணினியையே கண்டுபிடித்தோம் என்று வைத்துக்கொண்டாலும், அது குற்றவாளியின் கணினியாக இருக்க வேண்டியதில்லை. குப்பை அஞ்சலில் பெரும்பங்கு, நச்சுநிரல் புகுந்து வேறொருவன் கட்டளைக்கு ஆடும் சாதாரணக் கணினிகளிலிருந்து புறப்பட்டதை ஆய்வாளர் பல ஆண்டுகளாக விளக்கிவந்துள்ளனர். ஒரு முதியவரின் வீட்டுக் கணினி, ஒரு பள்ளியின் பழைய வழங்கி, ஒரு சிறு கடையின் கணக்குக் கணினி ஆகியவையே அவை. அவற்றைத் தாக்குபவர், ஒருமுறை கொள்ளையிடப்பட்ட வீட்டை மறுமுறை உடைப்பவர் ஆகிறார்.

இக்குறையை உணர்ந்தவர்கள் வேறொரு வழி தேடினர். அனுப்புநர் மறையலாம்; விற்பனைக் கடை மறைய முடியாதே! மடலில் விளம்பரம் செய்யப்படும் வலைத்தளம் திறந்திருந்தால்தான் விற்பனை நடக்கும். அதையே குறிவைத்தால் என்ன? 2004ஆம் ஆண்டின் இறுதியில் லைக்கோஸ் ஐரோப்பா நிறுவனம் திரைக்காப்பு நிரல் ஒன்றை வெளியிட்டது. கணினி ஓய்ந்திருக்கும்போது அந்நிரல், குப்பை அஞ்சல் விற்பனைத் தளங்களுக்கு இடைவிடாது வேண்டுகோள் அனுப்பி அவற்றின் செலவை உயர்த்தும். தளங்களை முற்றாக முடக்குவது நோக்கமன்று என்று நிறுவனம் சொல்லிற்று. ஆயினும் சில தளங்கள் முடங்கவே செய்தன. தாக்கப்பட்ட தளமொன்று தனக்கு வந்த வெள்ளத்தை அப்படியே லைக்கோஸின் பக்கமே திருப்பிவிட்டது. சில நாள்களிலேயே நிறுவனம் அத்திட்டத்தைக் கைவிட்டது.

இதனைவிட ஆழ்ந்து நோக்கத்தக்கது புளூ செக்யூரிட்டி என்னும் இஸ்ரேலிய நிறுவனத்தின் கதை. பதிலடிக்காகச் செய்யப்பட்டவற்றுள் மிகுந்த நிதானத்துடன் திட்டமிடப்பட்டது இதுவே என்பது நம் கருத்து. ஆதலால் அதன் தோல்வியிலிருந்து கற்பதற்கும் மிகுதி உண்டு. அதன் ‘நீலத் தவளை’ நிரலைப் பயன்படுத்திய உறுப்பினர்கள் 2006ஆம் ஆண்டில் ஐந்து இலட்சத்தைத் தாண்டியிருந்தனர். உறுப்பினருக்கு ஒரு குப்பை அஞ்சல் வந்தால், அதில் விளம்பரப்படுத்தப்பட்ட தளத்திற்கு ‘என்னை உம் பட்டியலிலிருந்து நீக்குக’ என்னும் ஒரே ஒரு வேண்டுகோள் செல்லும். ஒன்றுக்கு ஒன்று, அதற்கு மேல் இல்லை. ஆனால் இலட்சக்கணக்கான அஞ்சலுக்கு இலட்சக்கணக்கான வேண்டுகோள் சென்றபோது விற்பனைத் தளங்கள் திணறின. தப்பிக்க வழியும் தரப்பட்டிருந்தது: உறுப்பினர் முகவரிகளை மறைகுறியாக்கி வைத்திருந்த பட்டியலுடன் தம் பட்டியலை ஒப்பிட்டு, அம்முகவரிகளை நீக்கிக்கொள்ளலாம். சில குப்பை அஞ்சல்காரர்கள் அவ்வாறே நீக்கவும் செய்தனர். வெற்றி என்றே தோன்றியது.

2006ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் உறுப்பினர்களுக்கு மிரட்டல் மடல்கள் வரத் தொடங்கின. இத்திட்டத்திலிருந்து விலகாவிட்டால் இன்னும் பன்மடங்கு குப்பை வரும் என்றன அவை. மறைகுறியாக்கிய பட்டியலை எவரும் உடைக்கவில்லை. உடைக்கத் தேவையும் இருக்கவில்லை. நீக்குவதற்கு முன்னிருந்த தன் பட்டியலையும் நீக்கிய பின் எஞ்சிய பட்டியலையும் ஒப்பிட்டால், மறைந்த பெயர்கள் யாவும் உறுப்பினர்களே. காப்பதற்கென அமைத்த வழியே காட்டிக்கொடுக்கும் வழியாயிற்று. கணக்கு ஆசிரியர்கள் தொகையியல் பாடத்தில் எடுத்துக்காட்டத்தக்க வேறுபாட்டுக் கணம் இது.

அடுத்து, ‘பார்மாமாஸ்டர்’ என்னும் புனைபெயருடையவன் புளூ செக்யூரிட்டியின் வலைத்தளத்தின்மீது பெருந்தாக்குதல் தொடுத்தான். தளம் வீழ்ந்தது. நிறுவனம் தன் தளத்தின் முகவரியைத் தன் வலைப்பதிவுக்குத் திருப்பிவிட்டது. அவ்வலைப்பதிவு சிக்ஸ் அபார்ட் என்னும் வேறொரு நிறுவனத்தின் வழங்கிகளில் இருந்தது. தாக்குதலும் அங்கே தொடர்ந்தது. டைப்பேட், லைவ்ஜர்னல் ஆகிய சேவைகளில் எழுதிக்கொண்டிருந்த எண்ணற்ற மக்களின் பக்கங்கள் பல மணி நேரம் இருளில் மூழ்கின. இச்சண்டையைப் பற்றிக் கேள்விப்பட்டே இராதவர்கள் அவர்கள். இரு வாரங்களுக்குள், மே மாத நடுவில், புளூ செக்யூரிட்டி தன் பணியை நிறுத்திக்கொண்டது. தனக்குத் தொடர்பற்றோரை இழுத்துவிடும் போரை மேலும் வளர்க்கும் உரிமை தனக்கு இல்லை என்பதே அது கூறிய காரணம். அம்முடிவை நாம் மதிக்கிறோம். அதே வேளையில், அக்கணக்கைத் தொடங்கும் முன்பே போட்டிருக்கலாம் என்றும் சொல்லத் தோன்றுகிறது. ஒருவனிடம் பிறர் கணினிகள் ஆயிரமாயிரம் அடிமைப்பட்டுக் கிடக்கின்றன. செலவும் அவனுடையதன்று, பழியும் அவனுடையதன்று. மற்றவர் தம் சொந்தப் பெயரில், சொந்த முகவரியில் நிற்கிறார். அடிக்கு அடி என்னும் போட்டியில் இவ்விருவரும் ஒருபோதும் சமமாவதில்லை.

நிறுவனங்களின் கதை இருக்கட்டும். நாம் தனியாக ஒரு வசை மடல் எழுதினால் என்ன கெடும் என்று கேட்கலாம். எழுதும் மடல் பெரும்பாலும் முகவரி திருடப்பட்ட ஒருவரிடமே போகும். உரியவனிடமே போய்ச் சேர்ந்தாலோ, அது அவனுக்கு ஒரு நற்செய்தி: இம்முகவரியில் ஒருவர் இருக்கிறார், மடலைப் படிக்கிறார், விடையும் எழுதுகிறார். அவன் தொழிலின் கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், அடிமைக் கணினிகளின் கூட்டமொன்றுக்குள் புகுந்து, மருந்து விளம்பரம் ஒன்றை 26 நாள் தொடர்ந்து கவனித்தனர். ஏறத்தாழ 35 கோடி மடல்கள் அனுப்பப்பட்டன. வாங்க முன்வந்தோர் 28 பேர். அந்த 28 பேருக்காகவே 35 கோடி. நம் வசையை அவன் படிக்கப் போவதில்லை. நம் முகவரி உயிருடன் இருக்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்வான். அறியாத அனுப்புநரின் மடலில் உள்ள ‘பட்டியலிலிருந்து நீக்குக’ என்னும் இணைப்பை அழுத்துவதும் இவ்வகையே. நாமே பதிந்துகொண்ட கடை அல்லது வங்கியின் மடலில் அவ்விணைப்பை அழுத்தலாம், அது வேறு.

மோசடிக்காரனிடம் ஏமாந்தவர் போல நடித்து அவன் நேரத்தை வீணாக்கும் விளையாட்டு ஒன்றும் இன்று பரவியுள்ளது. காணொளிகளாக வரும் அவற்றை மாணவர்கள் விரும்பிப் பார்க்கின்றனர். இதற்கு ஒரு நியாயமும் உண்டு என்பதை மறுக்க இயலாது: நேரமே அவன் முதல், நம்மிடம் செலவிடும் நேரத்தில் வேறொருவரை அவன் ஏமாற்ற முடியாது. எனினும் நம் வட்டாரத்தில் வாழ்வோர் இதனை வேறு கண்ணோடு பார்க்க வேண்டியுள்ளது. மியன்மாரில் குறைந்தது 120,000 பேரும் கம்போடியாவில் ஏறத்தாழ 100,000 பேரும் இணைய மோசடி செய்யுமாறு வற்புறுத்தப்படும் நிலையில் அடைபட்டிருக்கக்கூடும் என்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட்டில் அறிவித்தது. வேலை என்று நம்பிச் சென்று சிக்கியவர்களுள் மலேசியரும் இருந்தனர். மீட்கப்பட்டுத் திரும்பியோர் பற்றி நம் நாளிதழ்களில் படித்திருக்கிறோம். மறுமுனையில் தட்டச்சு செய்பவர் அத்தகையவர் எனில், நாம் வீணாக்கும் நேரத்திற்குத் தண்டனை பெறுபவர் முதலாளி அல்லர். அவன் முகவரி நமக்கு இங்கும் தெரியாது.

சட்டத்தைப் பற்றி நீண்டு பேச வேண்டியதில்லை. பிறர் கணினிக்குள் அனுமதியின்றி நுழைவதும் அதில் மாற்றம் செய்வதும் மலேசியாவில் 1997ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டப்படி குற்றம். சிங்கப்பூரின் கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டம், கணினியின் இயக்கத்தை முடக்குவதையும் குற்றமாக்கியுள்ளது. ‘அவன் முதலில் அடித்தான்’ என்பது இவற்றுக்கு விடையாகாது. சினத்திற்குச் சட்டம் வேறொரு வாயில் திறந்து வைத்துள்ளது: சிங்கப்பூரில் 2007ஆம் ஆண்டின் குப்பை அஞ்சல் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, இழப்புற்றவர் நீதிமன்றத்தை நாடலாம், மடல் ஒன்றுக்கு 25 வெள்ளி வரை இழப்பீடு கோர இடமுண்டு. ஆனால் அதற்கும் அனுப்பியவர் யார் என்று தெரிய வேண்டும்.

அப்படியானால் குப்பை அஞ்சல்காரனை எதுவுமே தொடுவதில்லையா? தொட்டதுண்டு. 2008ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள், கலிபோர்னியாவில் இருந்த மெக்கோலோ என்னும் வழங்கி நிறுவனத்தின் இணைய இணைப்பு துண்டிக்கப்பட்டது. அடிமைக் கணினிகளை ஆட்டுவித்த கட்டுப்பாட்டு வழங்கிகள் பல அங்கே குடியிருந்தன. உலகக் குப்பை அஞ்சலின் அளவு ஒரே நாளில் பாதிக்கும் கீழே சரிந்தது. அதைச் செய்தவர்கள் எவர் கணினியையும் தாக்கவில்லை. ஆய்வாளர்கள் சான்றுகளைத் திரட்டினர். வாஷிங்டன் போஸ்ட் நாளிதழின் செய்தியாளர் பிரையன் கிரெப்ஸ் அவற்றை இணைப்புத் தரும் நிறுவனங்களின் முன் வைத்தார். அந்நிறுவனங்கள் இணைப்பை அறுத்தன. சில மாதங்களில் குப்பை மீண்டும் பெருகியது என்பதும் உண்மையே. 2011ஆம் ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வு, பணம் செல்லும் வழியைத் தொடர்ந்தது. குப்பை அஞ்சல் விளம்பரப்படுத்திய மருந்து, போலிப் பொருள், மென்பொருள் ஆகியவற்றுள் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றின் கட்டணத்தை மூன்றே வங்கிகள் பெற்றுத் தந்ததாக அது கண்டது. அனுப்பும் கணினிகள் எண்ணற்றவை. விற்கும் தளங்கள் நாளுக்கொன்று முளைப்பவை. பணம் நுழையும் கதவுகள் மட்டும் சிலவே. முகவரி தெரிந்த இடம் அது ஒன்றுதான்.

நாம் ‘குப்பை’ என்று குறியிடும் ஒவ்வொரு மடலும் இத்தகைய சான்றுத் திரட்டில் ஒரு துளி. அஞ்சல் சேவையின் வடிகட்டி அதிலிருந்து கற்றுக்கொள்கிறது. பணமோ வங்கி விவரமோ கைமாறியிருந்தால் மலேசியாவில் 997 என்னும் எண்ணுக்கும், ஏமாற்றோ என்னும் ஐயம் எழுந்தால் சிங்கப்பூரில் 1799 என்னும் எண்ணுக்கும் அழைக்கலாம். பள்ளிகளைப் பொறுத்தவரை இன்னொரு கடமையும் உண்டு. 1982ஆம் ஆண்டின் குறையை நிரப்ப எஸ்.பி.எஃப்., டி.கிம், டிமார்க் என்னும் மூன்று சரிபார்ப்பு முறைகள் பின்னர் வந்துள்ளன. பள்ளியின் பெயரில் பிறர் மடல் அனுப்புவதைத் தடுக்க இவை உதவும். பள்ளியின் அஞ்சலைப் பேணுவோர் அவற்றை அமைத்துள்ளனரா என்று கேட்பது ஆசிரியர்க்கு எளிது.

வகுப்பறையில் செய்யத்தக்க பயிற்சி ஒன்று உண்டு. ஐயமற்ற மடல் ஒன்றையும் குப்பைப் பெட்டியில் கிடக்கும் மடல் ஒன்றையும் எடுத்துக்கொள்க. இணைப்பு எதனையும் அழுத்தாமல், அஞ்சல் சேவையின் பட்டியில் மூல மடலைக் காட்டும் தெரிவைத் திறந்து, தலைப்பகுதியை அச்சிட்டு மாணவரிடம் தருக. முத்திரை வரிகளைக் கீழிருந்து மேலாகப் படித்து, மடல் கடந்துவந்த வழியை அவர்கள் வரையட்டும். திரையில் தெரிந்த அனுப்புநர் பெயரும் அவ்வழியும் எங்கே பொருந்துகின்றன, எங்கே பிரிகின்றன என்று குறிக்கட்டும். ஒரு பாடவேளை போதும்.